ஒக்கெர்வில் நதியிலிருந்து ஒஸ்தான்கினோ வரை

முதல் நாள், அக்டோபர் 23, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்

ராசி விருச்சிகத்துக்கு மாறியதும் காற்றும் இருட்டும் மழையும் கூடிவிடும் என்று தொடங்கும் ஒரு கதை இருக்கிறது. நம் பஞ்சாங்கக் கணக்கு அல்ல, மேல்நாட்டுக் கணக்கு. அதில் அக்டோபர் 23-ஐ ஒட்டி விருச்சிகம் வந்துவிடும். அந்தக் கதைக்காகத்தான் ஒன்பது மாதம் பணம் சேர்த்து, இந்தத் தேதிக்கென்றே டிக்கெட் எடுத்தேன். வந்து இறங்கியபோது மழை. காற்று. மாலை ஐந்தரைக்கே இருட்டு. சரியான நாளில்தான் வந்திருக்கிறேன்.

கதையை எழுதியவர் தத்தியானா டால்ஸ்டாயா. 1951-இல் இந்த ஊரில் பிறந்தவர். லெனின்கிராடு என்று பெயர் இருந்த காலம் அது. டால்ஸ்டாய் என்ற குடும்பப் பெயர் பெண்ணுக்கு வரும்போது டால்ஸ்டாயா ஆகும். 'போரும் அமைதியும்' எழுதியவர் இவருக்குத் தூரத்து உறவு. சொந்தத் தாத்தா இன்னொரு டால்ஸ்டாய்: 'முதலாம் பீட்டர்' நாவலை எழுதிய அலெக்ஸேய் டால்ஸ்டாய்.

நான் சென்னையில் இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவள். என் அப்பா சோவியத் புத்தகங்களாக வாங்கி அடுக்குவார். கெட்டி அட்டை, நல்ல தாள், மாஸ்கோவில் அச்சான தமிழ். 1991-க்குப் பிறகு அந்தப் புத்தகங்கள் வருவது நின்றது. அதற்கப்புறம் ரஷ்யாவில் யார் எழுதுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாற்பது வயதில் நான் ரஷ்ய மொழி படிக்கப் போனதே அந்தக் கதவைத் திறந்து பார்க்கத்தான். திறந்ததும் முதலில் கேட்ட குரல் இவருடையது.

பையை வைத்துவிட்டு உடனே பெத்ரோகிராத்ஸ்கயா மெட்ரோவுக்குப் போனேன். நிலையத்துக்குப் பக்கத்திலேயே கார்ப்போவ்கா என்ற சிற்றாறு. அதன் கரையில் 13-ஆம் எண் வீடு. லென்சோவியத் இல்லம் என்பார்கள். 1930-களின் முதல் பாதியில் லெவின்சன், ஃபோமின் என்ற இருவர் வடிவமைத்துக் கட்டியது. பெரிய வில்லை வளைத்து வைத்தது போன்ற முகப்பு. டால்ஸ்டாயா வளர்ந்த வீடு. அப்பா நிகிதா, இயற்பியல் பேராசிரியர். ஏழு பிள்ளைகள்.

அந்த வீட்டுக்குப் பக்கத்துப் பெருஞ்சாலையில் வடக்கே கொஞ்சம் நடந்தால் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வீடு. அவர் மிகயீல் லோசின்ஸ்கி. தாந்தேயின் 'தெய்வீக இன்பியல்' முழுவதையும் ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தவர். அதே மூவடி யாப்பில், அதே எதுகைக் கட்டில் செய்தார். 1946-இல் அதற்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அப்பாவைப் பெற்ற பாட்டி நத்தாலியா கிரந்தியேவ்ஸ்கயா கவிஞர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை இந்த ஊரைச் சூழ்ந்திருந்த முற்றுகைக் காலம் முழுக்க ஊரை விட்டுப் போகாமல் இங்கேயே இருந்து கவிதை எழுதியவர். அக்கா நத்தாலியாவும் கதை எழுதினார். தம்பி இவான் இலக்கிய வரலாற்றாளர், வானொலிக்காரரும்கூட. இந்தக் குடும்பத்தில் பேச்சும் எழுத்தும் வெவ்வேறு வேலைகளாக இருந்திருக்காது என்று ஆற்றுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தோன்றியது.

மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. யாரோ மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் நின்று பார்ப்பது மரியாதையில்லை என்று திரும்பிவிட்டேன்.

இரண்டாம் நாள், அக்டோபர் 24

இன்றைக்குத்தான் நதி.

கதையின் பெயரே 'ஒக்கெர்வில் நதி'. 1985-இல் வந்தது. சிமியோனவ் என்று ஒருவன். மொழிபெயர்ப்பாளன், தனியாள், முடி கொட்டத் தொடங்கியவன். மழைநாள் மாலைகளில் பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டு வேரா வசீலியெவ்னா என்ற பாடகியின் குரலைக் கேட்பான். அந்தக் காலத்துப் பாடகி, எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவன் வீட்டு வழியே போகும் டிராமின் கடைசி நிறுத்தம் ஒக்கெர்வில் நதி. அவன் அங்கே போனதே இல்லை. போகவும் மாட்டான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மனத்துக்குள் ஒரு ஊரையே கட்டுகிறான்: கரையில் வில்லோ மரங்கள், கூம்புக் கூரை வீடுகள், பாலங்கள், அவற்றில் நடந்துபோகும் இளம் வேரா வசீலியெவ்னா.

பிறகு ஒருநாள், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரியவருகிறது. முகவரி கிடைக்கிறது. சாமந்திப் பூ வாங்கிக்கொண்டு போகிறான். கேக்கும் வாங்குகிறான். அதன் ஜெல்லி மேல் யாரோ அழுத்திய கட்டைவிரல் தடம் இருக்கிறது. அந்தத் தடத்தைப் படித்த அன்று புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டேன். வரப்போகும் ஏமாற்றம் முழுவதும் அந்த ஒரு விரல் தடத்தில் இருக்கிறது. போனால், வறுமையில் வாடும் கிழவி இல்லை அங்கே. பருத்த, சத்தமாகச் சிரிக்கிற, விருந்தாளிகளுக்கு நடுவே நன்றாகச் சாப்பிடுகிற ஒரு பெண்மணி. கடைசியில், குளிப்பதற்கென்று அவன் வீட்டுக்கே வருகிறாள். அவள் போன பிறகு அவன் குளியல் தொட்டியைக் கழுவிவிடுகிறான். குரல் மட்டும் பழைய தட்டிலிருந்து அப்படியே எழும்பிக்கொண்டிருக்கிறது.

நான் லாதோஷ்ஸ்கயா மெட்ரோவில் இறங்கி நடந்தேன். கூம்புக் கூரைகள் இல்லை. இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள், ஒரு பெட்ரோல் நிலையம், வாகன இரைச்சல். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். தேநீர் வடிகட்டிய பிறகு டம்ளர் கழுவிய தண்ணீர் நிறத்தில் மெல்லப் போகிறது ஆறு. அகலமும் அதிகமில்லை. புல் சரிவில் இறங்கினேன். செருப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்று நனைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஏழு வாத்துகள். ஒரு தாத்தா தலைக்குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுதான் ஒக்கெர்விலா?" என்று கேட்டேன்.

"வேறு எது?" என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்து, "அதைப் படித்துவிட்டு வந்தீர்களா? வருவார்கள், அப்பப்போ வருவார்கள்" என்றார்.

என் கையில் கொஞ்சம் ரொட்டி கொடுத்தார். நானும் போட்டேன். குளிரில் விரல் விறைத்துப் போயிருந்தது. ஆறு ஏமாற்றவில்லை என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது, ஏனென்றால் அதுதான் உண்மை. சிமியோனவ் வராமலே விட்ட இடம் இது. வந்திருந்தால் ஏழு வாத்துகளைப் பார்த்திருப்பான்.

அமெரிக்காவில் ஒரு இசைக்குழு இந்த ஆற்றின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில். இந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான். பதினெட்டு கிலோமீட்டர் ஓடி இன்னொரு சிற்றாற்றில் கலந்துவிடும் ஓடைக்கு இதைவிட என்ன வேண்டும்.

மூன்றாம் நாள், அக்டோபர் 25

காலையில் தங்கியிருக்கும் வீட்டின் அம்மாள் ரவைக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர். எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"யார், தொலைக்காட்சியில் வருவாரே, அவரா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. எனக்கு அவர் கதைக்காரர். இந்த நாட்டில் பாதிப் பேருக்கு அவர் டிவியில் பார்த்த முகம். 'ஷ்கோலா ஸ்லஸ்லோவியா' என்று ஒரு நிகழ்ச்சி. புறம்பேசும் பள்ளி என்று சொல்லலாம். பெயர் ஆங்கில நாடகாசிரியர் ஷெரிடனின் பழைய நாடகத்திலிருந்து எடுத்தது. 2002-இல் 'குல்தூரா' அலைவரிசையில் தொடங்கி, பிறகு என்டிவி என்ற இன்னொரு அலைவரிசைக்கு மாறி, 2014 வரை ஓடியது. டால்ஸ்டாயாவும் திரைக்கதை எழுத்தாளரும் இயக்குநருமான அவ்தோத்தியா ஸ்மிர்னோவாவும் உட்கார்ந்து ஒரு விருந்தினரோடு பேசுவார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. 2003-இல் அதற்காக இருவருக்கும் டெஃபி விருது கிடைத்தது. இந்த நாட்டில் தொலைக்காட்சிக்குத் தருகிற பெரிய விருது அது.

"கதை எழுதுவாரா? அது தெரியாது. ஆனால் நன்றாகக் கேட்பார். எதிரில் இருப்பவர் மழுப்பினால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!" என்றார். இரவு வெகுநேரம் கழித்துத்தான் போடுவார்களாம், விழித்திருந்து பார்ப்பாராம்.

நான் பேசாமல் கஞ்சியைச் சாப்பிட்டேன். பல வருடமாக எனக்குள் ஒரு குறை உண்டு. 1983-இல் முதல் கதை, 1987-இல் முதல் தொகுப்பு, 2000-இல் ஒரே ஒரு நாவல். அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் ஒரு மேசையில் உட்கார்ந்து பிறரைப் பேசவைத்துக்கொண்டிருந்தார். அந்த வருடங்களில் எழுதியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

மதியம் சல்யானோய் சந்தில் இருக்கும் முற்றுகை அருங்காட்சியகம். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள் இந்த ஊர் முற்றுகையில் கிடந்தது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை உழைப்பாளிகள் அல்லாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அந்த ரொட்டியில் மாவு பாதிதான், மீதி வேறு என்னென்னவோ. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் வைத்தால் விரல் தெரியும், அவ்வளவு சிறிய துண்டு. பழுப்பும் கறுப்புமான நிறம். மண்கட்டி மாதிரி ஈரமாகத் தெரிகிறது.

டால்ஸ்டாயாவின் 'சோனியா' கதை இந்தத் துண்டு ரொட்டியின் காலத்தில்தான் முடியும். சோனியா அழகில்லாதவள், விவரமில்லாதவள். சட்டைக் கழுத்தில் எப்போதும் ஒரு எனாமல் புறா ஊசி. அவளைக் கேலி செய்ய ஆதா என்பவள் நிக்கலாய் என்ற இல்லாத ஆண் பெயரில் காதல் கடிதம் எழுதுகிறாள். விளையாட்டு வருடக்கணக்கில் நீள்கிறது. முற்றுகை வருகிறது. பசியில் சாகக் கிடக்கும் ஆதா கடைசியாக நிக்கலாய் பெயரில் ஒரு வரி எழுதுகிறாள். சோனியா போருக்கு முன்னால் எடுத்து வைத்திருந்த ஒரு தக்காளிச் சாறு டப்பாவைத் தூக்கிக்கொண்டு உறைந்த ஊரைக் கடந்து தன் நிக்கலாயைக் காப்பாற்ற வருகிறாள். வந்து கரண்டி கரண்டியாக ஊட்டுகிறாள். சில பக்கக் கதைதான். கேலி செய்தவள் பிழைக்கிறாள்.

டால்ஸ்டாயா பிறந்தது எல்லாம் முடிந்து ஏழு வருடம் கழித்து. அவர் கேட்டு வளர்ந்தவர். வீட்டு மேசையைச் சுற்றி அதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். காலையில் வீட்டம்மாள் சொன்னது, நன்றாகக் கேட்பார் என்பது, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வேறு மாதிரி காதில் விழுந்தது.

இரவு 11.55-க்கு மாஸ்கோ ரயில். 'சிவப்பு அம்பு' என்று பெயர், 1931-இலிருந்து ஓடுகிறது. வண்டி நகரும்போது நடைமேடையில் இசையமைப்பாளர் கிளியேரின் 'மாநகர் கீதம்' ஒலிபரப்புகிறார்கள். யாரும் பேசவில்லை. கையசைக்கிறவர்கள் மட்டும் அசைத்தார்கள்.

நான்காம் நாள், அக்டோபர் 26, மாஸ்கோ

காலை எட்டுக்குள் வந்து சேர்ந்தோம். நம் ஊர் வங்கி அட்டைகள் இங்கே வேலை செய்வதில்லை என்பதால் ரொக்கத்தைக் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறேன். ஆனாலும் இன்றைக்குப் பழைய புத்தகக் கடைக்குத்தான் பணம்.

பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் படித்துவிட்டு 1974-இல் மாஸ்கோ வந்த டால்ஸ்டாயா 'நௌகா' பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கீழைத்தேய இலக்கியங்களுக்கென்று அங்கே இருந்த பிரிவில் இளநிலை ஆசிரியர். பிழை பார்ப்பது, வரி சரி செய்வது. என் வேலை. ஒன்பது வருடம் அதைச் செய்திருக்கிறார்.

எனக்கு அந்தப் பிரிவின் பெயர் வேறு காரணத்துக்காகவும் முக்கியம். பழந்தமிழ்ப் புத்தகங்கள் சில ரஷ்ய மொழிக்குப் போனது அந்த வழியாகத்தான். 1963-இல் திருக்குறள். யூரி கிளாஸோவும் கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து செய்தது. 1966-இல் கிளாஸோவ் மொழிபெயர்த்த சிலப்பதிகாரம், 'வளையலின் கதை' என்று பொருள் வரும் தலைப்போடு. டால்ஸ்டாயா சேர்வதற்கு எட்டு வருடம் முந்திய புத்தகம். ஆனால் பதிப்பகத்தின் அலமாரியில் இருந்திருக்குமே.

கடைக்காரர் ஏணி வைத்து ஏறி எடுத்துக் கொடுத்தார். முதுகு வெளுத்திருந்தது. உள்ளே முதல் உரிமையாளர் பென்சிலில் ஒரு தேதி போட்டிருக்கிறார். கண்ணகி வழக்குரைக்கும் இடத்தைத் தேடினேன். தேரா மன்னா என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிற இடம் ரஷ்ய எழுத்தில் ஓடுகிறது. ஒரு பிழைகூட இல்லை. அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். கடைக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

அவரிடம்தான் டால்ஸ்டாயாவின் கண் கதையைக் கேட்டேன். நான் முன்பே படித்தது, டால்ஸ்டாயாவே பேட்டிகளில் பலமுறை சொன்னது. ஆனால் ரஷ்யர் ஒருவர் வாயால் கேட்பது தனி. எண்பதுகளின் தொடக்கத்தில் கிட்டப்பார்வைக்கு அறுவை சிகிச்சை. லேசர் இல்லாத காலம், பிளேடால் கீறுவார்கள். அப்புறம் நெடுநாள் கண்கட்டோடு இருட்டில் இருக்க வேண்டும். படிக்க முடியாது. அதுவரை வாசகியாக மட்டும் இருந்தவருக்கு, அடுத்தவர் எழுத்து உள்ளே வருவது நின்றதும், தன்னுடையது மேலே வரத் தொடங்கியது. சின்ன வயதுத் தோட்டம், பக்கத்து வீட்டுக்காரர், அவர்கள் பேசின பேச்சு. கட்டு அவிழ்ந்ததும் எழுத உட்கார்ந்தார். 1983-இல் 'அவ்ரோரா' இதழில் முதல் கதை வந்தது: 'பொன் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள்'. சாட்பூட்திரி மாதிரி, ரஷ்யக் குழந்தைகள் ஆள் பிரிக்கச் சொல்லும் பாட்டின் முதல் அடி அது.

மாலையில் புஷ்கின் சதுக்கம். ஒபெகுஷின் செய்த வெண்கலச் சிலை, 1880-இல் நிறுவியது. 1950-இல் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றி வைத்தார்கள். தலை குனிந்து நிற்கிறார் புஷ்கின். தோளில் புறா.

இங்கே உட்கார்ந்து டால்ஸ்டாயாவின் அந்த ஒரே நாவலான 'கீஸ்' பற்றி எழுதுகிறேன். பழைய உலகத்தை அழித்த ஒரு பெரிய குண்டுவெடிப்பு நடந்து இருநூறு வருடத்துக்குப் பிறகு, மாஸ்கோ இருந்த இடத்தில் ஃபியோதர்-குஸ்மிச்ஸ்க் என்ற மரவீட்டு ஊர். ஆட்சியாளர் மாறினால் ஊர்ப் பெயரும் மாறும். எலிதான் சாப்பாடு, எலிதான் பணம். பெனெடிக்ட் என்பவன் எழுத்தன். பழைய உலகத்தின் புத்தகங்களையெல்லாம் தலைவர் ஃபியோதர் குஸ்மிச் தான் எழுதியது என்று சொல்லிக் கொடுக்க, இவன் பூர்ச்ச மரப்பட்டையில் படியெடுப்பான். அச்சிட்ட பழைய புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால் சிவப்பு அங்கி போட்ட ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். 'கீஸ்' என்பது காட்டில் கத்தும், யாரும் கண்ணால் பார்க்காத ஒரு விலங்கு. அத்தியாயங்களுக்கு எண் கிடையாது. பழைய ரஷ்ய எழுத்துகளின் பெயர்தான் தலைப்பு: அஸ், பூக்கி, வேதி என்று போகும்.

அதில் பெனெடிக்ட் ஒரு மரக்கட்டையில் புஷ்கினைச் செதுக்குவான். ஒரு கையில் ஆறு விரல் வந்துவிடும். யார் இந்தப் புஷ்கின் என்று அவனுக்கு முழுசாகத் தெரியாது. செதுக்குகிறான்.

அவன் கடைசியில் வெறிபிடித்த வாசகன் ஆகிறான். மாமனார் வீட்டில் பெரிய நூலகம். எல்லாவற்றையும் படிக்கிறான், அடுக்குகிறான். எப்படி அடுக்குகிறான் என்றால், ஈ, வண்டு, கரப்பான், வண்ணத்துப்பூச்சி என்று பொருள் வரும் குடும்பப் பெயர் உள்ள எழுத்தாளர்களெல்லாம் ஒரே வரிசையில்! அத்தனை ஆயிரம் புத்தகம் படித்தும் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. புத்தகத்துக்காகக் கொலையும் செய்யத் துணிகிறான். நாள் முழுக்க எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலைக்காரி நான். இந்த இடம் எனக்கு எவ்வளவு பயத்தைத் தந்தது என்று சொல்லி முடியாது.

நாவலின் கடைசிப் பக்கத்தில், எழுதின இடங்களும் ஆண்டும் போட்டிருக்கும். மாஸ்கோ, பிரின்ஸ்டன், ஆக்ஸ்போர்டு, இன்னும் சில ஊர்கள், பிறகு ஃபியோதர்-குஸ்மிச்ஸ்க், திரும்பவும் மாஸ்கோ. 1986–2000. இல்லாத ஊரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பதினான்கு வருடம். நடுவில் சோவியத் யூனியன் போனது, இவர் அமெரிக்கா போனார், அங்கே கல்லூரியில் எழுதக் கற்றுக்கொடுத்தார், நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில் கட்டுரை எழுதினார், திரும்பி வந்தார். அந்த ஒரு நாவல் மட்டும் கூடவே அலைந்திருக்கிறது.

ஐந்தாம் நாள், அக்டோபர் 27

இன்றைக்கு நடை அதிகம், குறிப்பு குறைவு. வேதன்ஹா மெட்ரோவில் இறங்கி ஒஸ்தான்கினோவுக்கு நடந்தேன். 540 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரம், 1967-இல் கட்டி முடித்தது. உச்சி மேகத்துக்குள் போய்விட்டது. கீழே தெருவுக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சி நிலையம். நீளமாக, சப்பையாக, பெரிய அலுவலகம் போல. உள்ளே விட மாட்டார்கள், நான் கேட்கவும் இல்லை. இந்தக் கட்டடத்தின் பெயர்தான் நாடு முழுக்கத் தொலைக்காட்சிக்கே பெயர்.

குளக்கரையில் ஒரு பெஞ்சு. பிளாஸ்கில் தேநீர் இருந்தது. போனில் ஏற்றி வைத்திருந்த பழைய நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கத் தொடங்கினேன்.

இத்தனை வருடம் நான் ஏன் இதைப் பார்க்காமலே இருந்தேன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. சிமியோனவ் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். அந்தக் குரலை வைத்துக்கொண்டு மனசுக்குள் ஒரு ஆற்றங்கரை கட்டிவிட்டேன். அதில் மெல்லிய, சோகமான, தனிமையான ஒரு எழுத்தாளர் நடந்துகொண்டிருந்தார். திரையில் வருகிறவரோ உரக்கப் பேசுகிறார், குறுக்கே புகுந்து கேட்கிறார், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்கிறார். 'புகழ் நிமிடம்' என்ற திறமைப் போட்டியில் நடுவராகக்கூட உட்கார்ந்தார். வேரா வசீலியெவ்னாவை அவரேதான் எழுதினார். வாசகனின் கனவிலிருந்து எழுந்து வந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சத்தமாகச் சிரித்து, அவன் வீட்டுத் தொட்டியிலேயே குளித்துவிட்டுப் போகும் கலைஞரை, தான் திரைக்கு வருவதற்குப் பதினேழு வருடம் முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

நிகழ்ச்சியில் ஒரு இடம். விருந்தினர் ஏதோ பெரிய விஷயமாகச் சொல்லி முடிக்கிறார். டால்ஸ்டாயா உடனே பேசவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, இன்னும் ஒரு நொடி. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் விருந்தினர் மறுபடியும் பேசத் தொடங்குகிறார். இப்போது வருவதுதான் உண்மைப் பேச்சு, குரலே இறங்கிவிட்டது. மூன்று முறை பின்னால் ஓட்டி அந்த ஒரு நொடியைப் பார்த்தேன்.

கதைகளிலும் இதேதான். கதைமாந்தர் ஒருவரின் பேச்சுக்குள் எப்போது நுழைந்தோம், எப்போது கதைசொல்லி கையை விட்டார் என்று தெரியாமலே நாம் அந்த ஆளின் மூச்சுக்குள் இருப்போம். அது காதால் எழுதுகிறவர் செய்யும் வேலை.

அந்தப் பன்னிரண்டு வருடம் வீணானது என்று இனி என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் இன்னும் இரண்டு நாவல் கிடைத்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன், அதையும் மறைக்கவில்லை.

ஆறாம் நாள், அக்டோபர் 28

விமானம் இரவில். பகலில் அறையிலேயே இருந்து டால்ஸ்டாயாவின் 'இலேசான உலகங்கள்' படித்தேன். 2014 தொகுப்பு, நிகழ்ச்சி நின்ற அதே வருடம் வந்தது. அமெரிக்காவில் வாங்கின ஒரு வீடு, அங்கே பாடம் நடத்திய நாட்கள், குடும்பம், சமையல். இப்போது 'நான்' என்றே எழுதுகிறார். முந்தைய கதைகளில் ஒரு வாக்கியத்துக்குள் பத்து உவமை அடுக்கும் அந்தக் கை, இதில் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எளிதாகப் போகிறது. திரை முன்னால் உட்கார்ந்த வருடங்களிலிருந்து வந்த நடை இது என்பது என் எண்ணம். சிலர் பழைய நடைதான் உயர்வு என்பார்கள். எனக்குப் பழையதைப் படித்தால் மூச்சு முட்டும், புதியதைப் படித்தால் அழுகை வரும். இரண்டும் வேண்டும்.

பீட்டர்ஸ்பர்க் வீட்டம்மாள் போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "நீங்கள் சொன்னீர்களே என்று நூலகத்தில் கேட்டு வாங்கினேன். சோனியா படித்தேன். என் அம்மா அந்தக் குளிர்காலத்தில் இங்கேதான் இருந்தாள்" என்று தொடங்கி, நிறுத்தி, கொஞ்சம் மூச்சு விட்டு, "ரொட்டித் துண்டு பார்த்தீர்கள் அல்லவா" என்று கேட்டு முடித்திருந்தார். பார்த்தேன் அம்மா என்று பதில் அனுப்பினேன்.

விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் இருந்தது. சிலப்பதிகாரம் கைப்பையில், சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். காதில் மாட்டிக்கொண்டு, நேற்று பாதியில் விட்ட நிகழ்ச்சியைப் போட்டேன். பழக்கத்தில் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன், குரலை மட்டும் கேட்க. சற்றுக் கரகரத்த, அவசரமில்லாத குரல். யாரோ எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை. போனைத் திருப்பினேன். சிரித்தது அவர்தான்.